இறால்கள் செத்த தண்ணீர்

லண்டனில் தங்கை மகளின் கலியாணத்தை முடித்துக்கொண்டு ஒஸ்லோவின் பியோர்ண்டாலுக்குத் திரும்பிய சிறிதேவி, குளிர்ச்சட்டையைக் கழற்ற முன்பே மீன்தொட்டியடிக்குப் போனாள். தொட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காற்றுக் குழாய் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. நீலக் கோடு போட்ட சின்ன மீன்கள் ஒன்றும் நடவாததுபோல் கூட்டமாகத் திரும்பித் திரும்பி நீந்தின. ஆனால் அடியில், பாசிக்கும் கூழாங்கல்லுக்கும் இடையில், அவள் வருடக்கணக்காகப் பெருக்கிய சிவப்பு இறால்கள் விழுந்த விழுந்த இடத்தில் கிடந்தன. உயிரோடு இருக்கையில் உள்ளே குடல் ஓடுவதுகூடத் தெரியும் உடம்புகள் அவை. இப்போது அவித்து வைத்ததுபோல் கெட்டியாகி வெளிறிப்போயிருந்தன.

"குழம்புக்கும் காணாது," என்றான் பின்னால் வந்த இந்திரகுமார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் பெட்டியை இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டான்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும்படி வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனது கீழ்வீட்டு இமெல்டாவிடம். அவளைக் கேட்போம் என்று கைத்தொலைபேசியை எடுத்தபோது, விமானத்தில் அணைத்து வைத்திருந்த அதற்குள் இமெல்டாவின் செய்தியே வந்து காத்திருந்தது. பாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன், கண்ணெல்லாம் மஞ்சளாக இருக்கிறது, வயிறு வீங்கிவிட்டது, ஈரல் கெட்டிருக்கிறதாம், ஏனென்று தெரியவில்லையாம் என்று எழுதியிருந்தாள்.

இறால்கள் அந்தக் கணமே சிறிதேவியின் மனத்திலிருந்து கழன்றுபோயின. இமெல்டாவின் மகள் ஜோவிதாவுக்கு அப்போது பத்து மாதம். எழுந்து நிற்கப் பழகும் பிள்ளை. லண்டனுக்குப் புறப்பட்ட அன்று, சிறிதேவியின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்த பிடி விடாமல் அழுத பிள்ளை.

இமெல்டாவும் அவள் கணவன் எலியாஸும் சென்னை ராயபுரத்துக்காரர்கள். எலியாஸுக்குக் கப்பலில் எந்திரப் பொறியாளர் வேலை. மாதக்கணக்கில் கடலில் கிடந்து மாதக்கணக்கில் வீட்டில் இருப்பான். பிள்ளை வயிற்றில் இருந்தபோதுதான் அவர்கள் கீழ்வீட்டுக்கு வந்தார்கள். தமிழ்ச் சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கிப் போய்க் கதவைத் தட்டியவள் சிறிதேவி. அன்றைக்கே இரண்டு தமிழும் முட்டிக்கொண்டன. "எவ்வளவு நல்லாப் பேசறீங்க," என்று இமெல்டா மெச்சியபோது சிறிதேவி திடுக்கிட்டாள். யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது. நாங்கள் கதைப்போம், ஆரும் பிழை விட்டால்தான் பேசுவோம் என்று சிறிதேவி விளக்கினாள். அப்படியானால் எலியாஸோடு நான் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள் இமெல்டா. அதன்பிறகு இருவரும் அக்கா தங்கையாகிவிட்டார்கள். பிள்ளை பிறந்து தாய்ப்பால் காணாமற்போய், எலியாஸும் கடலுக்குப் போனபோது, புட்டிப்பால் கரைப்பது முதல் குளிருக்கு உடுப்பு அடுக்குவது வரை இமெல்டா எல்லாவற்றையும் மாடியில்தான் கேட்டாள். சிறிதேவிக்கும் சொல்லிக்கொடுக்கப் பிடிக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை அரைக்கும் வேலை அவளுக்கு. ஒரு காரியம் ஏன் அப்படி நடக்கிறது என்று சொல்லாமல், இப்படிச் செய் என்று மட்டும் சொல்ல அவளால் ஏலாது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்க்க முதலில் விடவில்லை. கிருமித் தொற்றாக இருக்குமோ என்று தனியறையில் வைத்திருந்தார்கள். தொற்று இல்லை என்று தெரிந்தபிறகு, பிறவிக் கோளாறாக இருக்கலாம் என்று இரத்தத்தை வேறு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வரக் கிழமைகள், பல வாரங்கள் ஆகும். அதற்குள் ஈரல் தாங்குமா என்பதுதான் எல்லோர் முகத்திலும் இருந்த கேள்வி. எலியாஸின் கப்பல் நடுக்கடலில் நின்றது.

ஒன்றும் செய்ய முடியாமல் இருந்த அந்த நாட்களில்தான் சிறிதேவிக்குத் தொட்டி மறுபடி நினைவுக்கு வந்தது. செத்தவற்றை வலையால் அள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு எண்ணம் முதுகில் ஐஸ் வைத்ததுபோல் வந்தது. தொட்டியில் இருப்பதும் இந்தக் கட்டடத்துத் தண்ணீர். பிள்ளையின் புட்டிப்பாலில் இருந்ததும் இந்தக் கட்டடத்துத் தண்ணீர்.

மீன் பிழைத்து இறால் மட்டும் செத்தால், தொட்டி வளர்ப்பவர்கள் முதலில் சந்தேகப்படுவது உலோகத்தை, அதிலும் செப்பை. மனிதருக்கும் மீனுக்கும் இரத்தத்தில் மூச்சைச் சுமப்பது இரும்பு. அதனால்தான் நம் இரத்தம் சிவப்பு. இறாலுக்கு அந்த வேலையைச் செய்வது செப்பு. அதன் இரத்தம் இலேசான நீலம். செப்பு இல்லாவிட்டால் இறாலுக்கு மூச்சே இல்லை. ஆனால் அந்தத் துளிக்கு மேல் இன்னொரு துளி தண்ணீரில் கூடிவிட்டால், அதே செப்பு செவுளுக்குள் புகுந்து, உடம்பு உப்பை இழுத்து வைத்திருக்கும் வழிகளைக் குலைத்துவிடும். மீன் அதைத் தாங்கும். இறால் தாங்காது. எது உயிரைத் தருகிறதோ அதுவே அளவு தப்பினால் எடுத்துக்கொள்ளும்.

அந்தக் கட்டடத்தில் போன இலையுதிர்காலத்தில்தான் பழைய குழாய்களைக் கழற்றிப் புதிதாகப் போட்டிருந்தார்கள். ஒஸ்லோவின் தண்ணீர் ஏரியிலிருந்து நன்றாகத்தான் வருகிறது. கட்டடத்துக்குள் நுழைந்தபிறகு அது எதைத் தொடுகிறது என்பதே கேள்வி. மென்மையான தண்ணீர் அது. கரைந்த கல்லும் சுண்ணாம்பும் அதில் குறைவு. அப்படிப்பட்ட தண்ணீர் பசியோடு இருக்கும் பிள்ளைபோல, தொட்டதில் கொஞ்சத்தை வாயில் போட்டுக்கொள்ளும். இரவு முழுக்கச் செப்புக் குழாயிலும் பித்தளைப் பூட்டிலும் அசையாமல் நின்ற தண்ணீர் விடியும்போது உலோகத்தைக் கரைத்து வைத்திருக்கும். அதனால்தான் முதல் தண்ணீரை ஓடவிட்டு, கை சில்லிட்டபிறகு பிடிக்க வேண்டும் என்பது. சுடுதண்ணீர்க் குழாயிலிருந்து குடிக்கவோ சமைக்கவோ கூடாது என்பதும் அதற்காகத்தான். சூடு கரைப்பதை விரைவாக்கும்.

சிறிதேவி மீன் கடையில் செப்பு பார்க்கும் மருந்துத் துளிகளை வாங்கி வந்தாள். சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்துத் துளிகளை விட்டுப் பொறுத்திருக்க வேண்டும். செப்பு இருந்தால் நீலம் ஏறும். அடுப்பங்கரை மேடையில் குழாய்களை வரிசையாக நிறுத்தினாள்: விடியமுன் பிடித்த முதல் தண்ணீர், ஓடவிட்டுப் பிடித்தது, சுடுதண்ணீர், தொட்டித் தண்ணீர்.

"இறாலுக்குப் பிரேதப் பரிசோதனையோ?" என்றான் இந்திரகுமார் கோப்பியோடு வந்து. "என்னவாம், முடிவு?"

தொட்டித் தண்ணீரின் குழாய் நீலமாகிக்கொண்டிருந்தது. "கொபர்," என்றாள், செப்புக்கு நோர்வேஜியச் சொல்லால்.

"ஆற்றை கொப்பர்?"

யாருடைய அப்பர் என்று பொருள்படும் அந்தப் பழைய பகிடியை, நோர்வேயில் பிறந்த ஒவ்வொரு யாழ்ப்பாணப் பிள்ளையும் வேதியியல் வகுப்பிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கும். சிறிதேவி சிரிக்கவில்லை. அவள் மற்றக் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தண்ணீரில் நிறமென்று சொல்ல முடியாத ஒரு நிழல். சுடுதண்ணீரில் அதைவிட ஒரு பொட்டுக் கூட. ஓடவிட்ட தண்ணீர் கண்ணாடி. மறுநாளும் பார்த்தாள், அப்படியே இருந்தது. குழாய்த் தண்ணீர் இறாலைக் கொல்லவில்லை; தொட்டிக்குள் செப்பு எங்கிருந்து வந்ததென்று மட்டும் விளங்கவில்லை.

அப்படியென்றால் பிள்ளைக்கும் அதனால் கேடில்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இறங்கிய கையோடு இமெல்டாவைக் கூப்பிட்டு, எங்கள் கட்டடத்துத் தண்ணீரில் ஒரு பிழையும் இல்லை, நானே சோதித்துப் பார்த்தனான், அந்தப் பயம் வேண்டாம் என்று சொன்னாள். இறால் செத்ததையும் மெல்லச் சொன்னாள். இமெல்டா அழத் தொடங்கிவிட்டாள். என் கை பட்டதெல்லாம் இப்படியாகிறதே என்றாள்.

பழியைக் குழாயின்மேல் போட்டு அவளைத் தேற்றுவதற்காகவே சிறிதேவி கேட்டாள், சுடுதண்ணீர்க் குழாயிலிருந்து பிடித்தீர்களோ என்று.

"இல்லக்கா. நீங்க சொன்ன மாதிரியேதான். பச்சத் தண்ணிய செம்புல புடிச்சு வச்சு, ஜில்லுப்பு போனதும் ஊத்தினேன்."

அதுதான் சிறிதேவி சொல்லியிருந்தது. மாரிகாலத்தில் குழாய்த் தண்ணீர் பனியாக வரும். அப்படியே ஊற்றினால் இறால் விறைத்துப்போகும். ஆகவே தொட்டியில் தண்ணீர் வற்ற வற்ற, செம்பிலே பிடித்து வைத்துக் குளிர் போனபிறகு ஊற்றுங்கோ என்று, ஏன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தாள். சரியாகத்தானே செய்திருக்கிறாள், பாவம் என்று நினைத்தாள்.

இமெல்டா இன்னும் கதைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலும் இதையெல்லாம் கேட்டார்கள் என்றாள். என்ன பால், எங்கே வாங்கியது, என்ன மருந்து கொடுத்தாய், தண்ணீரை எதில் வைக்கிறாய் என்பது வரைக்கும். கொதிக்கவைத்துச் செம்பில் ஊற்றி வைக்கிறேன் என்று சொன்னேன், டொக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார் என்றாள். "போன்ல மொழிபெயர்க்கிறவர் உங்க ஊர்க்காரருதான்க்கா. உங்கள மாதிரியே ஆமாவுக்கு ஓம் ஓம்னு சொல்றாரு."

அதையும் சிறிதேவி கேட்டாள். கேட்டுச் சிரித்தாள்கூட.

அடுத்த நாள் வேலைக்கு இறங்கும்போது இமெல்டாவின் அழைப்பு வந்தது. பாப்பா கொஞ்சம் குடிக்கத் தொடங்கியிருக்கிறாள், ஆஸ்பத்திரிப் பால் பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்புகிறாள். வீட்டுப் பழக்கத்தில் கொடுத்தால் குடிப்பாள். எங்கள் வீட்டுத் திறப்பு உங்களிடம் இருக்கிறதே, மாற்றுடுப்பும் போர்வையும் எடுத்து வாருங்கள் என்றாள். பிறகு சொன்னாள்: "அந்தச் செம்பையும் கொண்டு வாங்கக்கா. அடுப்பு மேடையில இருக்கும்."

சிறிதேவி கீழ்வீட்டைத் திறந்து, உடுப்பை ஒரு பையில் அடுக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். மேடையில் எவர்சில்வர் செம்பைத் தேடினாள். இல்லை. அலுமாரியில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது, தூசியோடு, நெடுநாள் எடுக்காததுபோல. இதுவாக இருக்காதே என்று திரும்பினாள்.

மேடையில், புட்டிகளுக்குப் பக்கத்தில், சின்னதாக வயிறு பருத்த ஒரு பானை மூடியோடு இருந்தது. வெளியேயும் உள்ளேயும் ஒரே பளபளப்பு. கழுவும் தொட்டியின் ஓரத்தில் உருட்டிய பழப்புளி ஒரு கிண்ணத்தில் காய்ந்துபோயிருந்தது. மூடியைத் திறந்தாள். அடியில் கொஞ்சத் தண்ணீர் நின்றது. செக்கச் செவேலென்ற செப்பு, தண்ணீருக்கூடாகத் தெரிந்தது.

யாழ்ப்பாணத்தில் செம்பு என்பது பாத்திரத்தின் பெயர். பித்தளையில் செய்தாலும் செம்பு, எவர்சில்வரில் செய்தாலும் செம்பு. உலோகத்தைச் சொல்ல வேண்டுமென்றால் செப்பு என்பார்கள். இமெல்டாவின் ஊரில் அந்தப் பாத்திரத்துக்குச் சொம்பு என்று பெயர். செம்பு என்றால் அவர்களுக்கு உலோகம்தான், வேறொன்றுமில்லை. தண்ணீருக்குச் செம்பு நல்லது என்று அங்கே எல்லோரும் சொல்வதும் உண்டு. பிள்ளை பிறந்த கிழமை, கொதித்த தண்ணீரைச் செம்பிலை ஊத்தி மூடி வையுங்கோ என்று சிறிதேவி சொன்னபோது, கலியாணத்துக்கு வந்த செப்புப் பானையைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துத் துலக்கி வைத்தவள் அவள்.

சிறிதேவி மாடிக்கு ஓடிப்போய் மருந்துத் துளிகளைக் கொண்டுவந்தாள். பானைத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்றித் துளியை விட்டாள். பொறுத்திருக்க வேண்டி இருக்கவில்லை. துளி விழுந்த இடத்திலிருந்தே நீலம் புகைபோல் இறங்கியது. தொட்டித் தண்ணீரில் பார்த்த நீலம் இதற்கு முன்னால் வானத்து நீலம், இது மை.

ஏனென்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் கொடுமை. செப்பைச் சும்மா விட்டால் அதன்மேல் மண்ணிறத் தோலொன்று படியும். அந்தத் தோல் கரைவதைத் தடுக்கும். இமெல்டா சுத்தக்காரி. ஒவ்வொரு நாளும் புளி போட்டுத் தேய்த்து அந்தத் தோலை உரித்திருக்கிறாள். உரித்த பச்சை உலோகத்தின்மேல், பசியெடுத்த மென்தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருக்கிறாள். பால்மாவைக் கரைத்து மிஞ்சியதை அதிலேயே வைத்துச் சூடாக்கியுமிருந்தால், பால் செப்பை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்களின் ஈரல் மிஞ்சிய செப்பைப் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். கைப்பிள்ளையின் ஈரலுக்கு அந்த வேலை இன்னும் சரியாகத் தெரியாது. வந்ததையெல்லாம் வாங்கி உள்ளே அடுக்கும். ஒரு நாள் அடுக்க இடமிருக்காது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ரயிலில் சிறிதேவி பானையைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். ஹவுகெட்டோ நிலையத்தில் ஏறிய யாரோ ஒரு தமிழ்ப் பெண், கோயில் கும்பத்துக்கோ என்று புன்னகையோடு கேட்டாள். சிறிதேவி துவாயை இன்னும் இழுத்து மூடினாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

குழந்தைகள் பிரிவுக்குள் நுழைந்ததும் இமெல்டாவிடம் போகவில்லை. தாதியிடம் போய், டொக்டரை இப்போதே பார்க்க வேண்டும் என்றாள். நரைத்த கூந்தலை இறுக்கிக் கட்டிய ஒரு பெண் டொக்டர் வந்தார். சிறிதேவி பானையையும் நீலக் குழாயையும் காட்டிச் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். கேட்டுவிட்டு, இரத்தத்தில் செப்பைப் பார்க்கும்படி உடனே ஆளனுப்பினார். இனி அந்தப் பானையிலிருந்து ஒரு துளியும் கொடுக்கக் கூடாது என்றார். ஆனால் தாயின் வாயிலிருந்தே எல்லாவற்றையும் கேட்க வேண்டும், அது விதி என்று மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் கூப்பிடச் சொன்னார்.

பிள்ளை கம்பிக் கட்டிலில் கிடந்தது. மூக்கில் குழாய். வயிறு மட்டும் பெரிது, கைகால் குச்சி. கண்ணைத் திறந்தபோது வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் இருந்தது. இமெல்டா சிறிதேவியின் கையிலிருந்த பானையைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

மேசைமேல் வைத்த தொலைபேசியிலிருந்து ஒரு ஆண் குரல் வணக்கம் சொன்னது. தண்ணீரையும் பாலையும் எதில் வைத்தாய் என்று டொக்டர் மறுபடி கேட்டார். செம்பில் என்றாள் இமெல்டா, இதை முன்னமே சொன்னேனே என்ற முகத்தோடு. குரல் அதை நோர்வேஜிய மொழியில் சொன்னது: தாய் தண்ணீரை ஒரு ஜாடியில் வைத்தாராம்.

"ஜாடி இல்லை," என்றாள் சிறிதேவி நோர்வேஜிய மொழியில். "கொபர்."

டொக்டர் தொலைபேசியைப் பார்த்தார். பிறகு அந்தக் குரல் தமிழில், மெதுவாக, "அம்மா, நீங்கள் சொல்லுறது செப்பையோ?" என்று கேட்டது.

"ஆமா. செம்பு."

குரல் தொண்டையைச் செருமிக்கொண்டது. மொழிபெயர்ப்பாளர் ஒரு திருத்தம் செய்கிறார் என்று விதிப்படி டொக்டருக்கு அறிவித்தது. அன்றைக்கும் இதே சொல்தான், அன்றைக்கு மொழிபெயர்த்ததும் பிழை என்றது.

டொக்டர் நாற்காலியை இமெல்டாவுக்கு நெருக்கமாக இழுத்துப்போட்டுக்கொண்டார். செப்பு ஈரலில் சேர்ந்திருக்கிறது என்றுதான் இனி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். அதைக் கட்டிப் பிடித்துச் சிறுநீரோடு வெளியே கொண்டுபோகும் மருந்து இருக்கிறது, இன்றைக்கே தொடங்குவோம் என்றார். ஆனால் அந்த மருந்து மாதக்கணக்கில் வேலை செய்வது. ஈரலின் பெரும்பகுதி ஏற்கனவே தழும்பாக இறுகிவிட்டது. தழும்பு திரும்பித் தசையாவதில்லை. ஆகவே மாற்று ஈரலுக்கும் பெயர் பதிவோம். எது முந்தும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். கோடையிலேயே தெரிந்திருந்தால் என்று தொடங்கியவர் அதை முடிக்கவில்லை. குரல் அந்த முடியாத வசனத்தையும் முடியாமலேயே தமிழில் சொன்னது.

இமெல்டா அழவில்லை. பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் முகம் தெரிந்தது.

"தினமும் தேச்சேன்க்கா," என்றாள். "கை வலிச்சாலும் தேச்சேன்."

சிறிதேவி அவள் தோளில் கை வைத்தாள். இமெல்டா அதைத் தள்ளவுமில்லை, பற்றவுமில்லை.

"உங்க வீட்டுல, தொட்டிக்குத் தண்ணி ஊத்தப் போனப்ப, எவர்சில்வர் சொம்பு கையிலயே இருந்துச்சு. எடுத்துட்டேன். அப்புறம் நீங்க செம்புன்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. கீழ போயி இதத் தூக்கிட்டு வந்தேன்." அவள் நிமிர்ந்தாள். "நான்தான் தப்பாக் கேட்டுட்டேனா அக்கா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். பாத்திரத்தைத்தான் சொன்னேன், நீங்கள் வேறாக விளங்கிக்கொண்டீர்கள் என்று சொன்னால் அது பொய்யுமில்லை. ஏன் எதற்கு என்று எல்லாவற்றையும் விளக்குகிற அவள், அந்த ஒரு சொல்லை மட்டும் விளக்க வேண்டுமென்று நினைக்கவே இல்லை. அதைச் சொல்லி இனி என்ன? இந்தப் பெண் இனிமேல் இந்தக் கட்டிலின் பக்கத்தில் இருந்துகொண்டு, எது நடந்தாலும், ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வியைத்தான் தன்னிடம் கேட்கப்போகிறாள்.

"இல்லை," என்றாள் சிறிதேவி. "நீங்கள் சரியாத்தான் கேட்டனீங்கள். செம்பு எண்டு சொன்னது நான்."

அறையில் எவர் எது சொன்னாலும் மொழிபெயர்ப்பது அந்தக் குரலின் கடமை. யார் சொன்னாரோ அவராகவே நின்று சொல்ல வேண்டும் என்பதும் அதன் விதி. அது ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் டொக்டருக்குச் சொன்னது: இல்லை, நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள், செம்பு என்று சொன்னது நான்.

அந்த நான் யார் என்று டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். சிறிதேவி கையை உயர்த்தினாள்.